சிறு தட்டைத்தலை மீனைப் புதுச் சிற்றினமாக விவரிப்பது எப்படி

விரல் நீளமே உள்ள தட்டைத்தலை மீன் ஒன்று, கையில் இருக்கும் எந்த விளக்கத்தோடும் பொருந்தவில்லை என்றால் உடனே பெயர் தேடக் கிளம்ப வேண்டாம். தட்டைத்தலை மீன்கள் சேர்ந்த பிளாட்டிசெபாலிடே குடும்பத்தில் மீன் வளர வளரத் தலை முட்களின் எண்ணிக்கை மாறலாம், கண்மணிக்கு மேல் தொங்கும் மடல் கிளைவிடலாம். சில சிற்றினங்களில் ஆணாக இருந்த மீனே பிறகு பெண்ணாகிறது. ஃபார்மலினில் போட்டதும் நிறத்தில் பாதி போய்விடும். வளர்ச்சி, பால், பதப்படுத்தல், வலையில் அடிபட்டது ஆகிய நான்கையும் கழித்த பிறகும் எஞ்சி நிற்கும் வேறுபாடுதான் சிற்றினத்தைக் காட்டும். அதை நிறுவுவதில்தான் உழைப்பின் பெரும்பங்கு போகும். கட்டுரை எழுதுவது அதன் கடைசிக் கட்டம்.

முதலில் பேரினம்

பேரினம் தவறினால் பின்னால் செய்யும் ஒப்பீடு எல்லாம் வீண். சிறு தட்டைத்தலை மீன் என்றதும் ஒனிகோசியா என்று எழுதிவிடும் பழக்கம் உண்டு. ஆனால் கோசியெல்லா, தைசனாஃப்ரிஸ், சுனகோசியா, ரோகாடியஸ் ஆகியவற்றின் குஞ்சுகளும் அதே அளவில்தான் இருக்கும். முதலில் பக்கக்கோட்டுச் செதில்களை (உடலின் பக்கவாட்டில் நீளமாக ஓடும் உணர்கோட்டில் உள்ளவை) எண்ணுங்கள். ஒனிகோசியாவில் செதில்கள் பெரியவை, எண்ணிக்கை பெரும்பாலும் 40க்குள் நிற்கும். மற்றப் பல பேரினங்களில் 50ஐ ஒட்டியோ அதற்கு மேலோ போகும். முன்செவுள்மூடியின் (செவுள்மூடிக்கு முன்னே உள்ள எலும்பு) அடியில் முன்னோக்கி நீட்டிய முள் இருந்தால் ரோகாடியஸைப் பாருங்கள். பக்கக்கோட்டுச் செதில்கள் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் முள் இருந்தால் கிராமோப்ளைட்டிஸ். மேலண்ணத்தின் முன்பகுதியில் பற்கள் ஒரே குறுக்குப் பட்டையாக இருந்தால் பிளாட்டிசெபாலஸ். மற்றவற்றில் அவை இரு தனித் திட்டுகளாக இருக்கும்.

ஒனிகோசியாவாகவே இருந்தால், அந்தப் பேரினத்தில் ஏற்கெனவே உள்ள பெயர்கள் எல்லாவற்றையும் பட்டியலிடுங்கள்: 1843இல் வந்த ஸ்பினோசா, 1854இன் மேக்ரோலெபிஸ், 1908இல் ரீகன் விவரித்த ஒலிகோலெபிஸ், பெடிமாகுலா, பிறகு 2000இல் பைமாகுலாட்டா, 2009இல் லாக்ரிமாலிஸ், 2011இல் சிபோகே என்று அது நீளும். இன்று செல்லும் பெயர்களோடு நின்றுவிடக் கூடாது. வேறொன்றின் மறுபெயர் என்று ஒதுக்கப்பட்ட பழைய பெயர்களும் பட்டியலில் வேண்டும். உங்கள் மீன் அப்படி ஒதுக்கப்பட்ட ஒன்றாக இருந்தால், புதுப்பெயர் தேவையில்லை. பழைய பெயரை மீட்டெடுத்தால் போதும். கலிஃபோர்னியா அறிவியல் அகாடமி நடத்தும் எஷ்மெயர் மீன் பெயர்ப் பட்டியலில் ஒவ்வொரு பெயரும் எந்தப் பேரினத்தின் கீழ் முதலில் வெளியானது, அதன் டைப் மாதிரி (அந்தப் பெயருக்கு ஆதாரமாகப் பாதுகாக்கப்படும் மீன்) எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்பது வரை கிடைக்கும். தட்டைத்தலைகளின் பழைய பெயர்களில் பெரும்பாலானவை பிளாட்டிசெபாலஸ் என்ற பேரினத்தின் கீழ்தான் முதலில் வந்தன. ஒனிகோசியா என்று மட்டும் தேடினால் பாதி கண்ணில் படாது.

மாதிரியைக் கெடுக்காமல் வைப்பது

பிடித்த நாட்டின் சேகரிப்பு அனுமதி, ஏற்றுமதி அனுமதி இரண்டும் எழுத்தில் இருக்க வேண்டும். ஒரு நாட்டின் மரபு வளங்களை அணுகுவதையும் பலனைப் பகிர்வதையும் ஒழுங்குபடுத்தும் நகோயா நெறிமுறை 2014 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகு அனுமதி எண்ணைக் கேட்காத அருங்காட்சியகமும் ஆய்விதழும் குறைவு. அனுமதி இல்லாத மீனை ஹோலோடைப் (புதுப்பெயருக்கு ஆதாரமாகக் குறிக்கும் ஒற்றை மீன்) ஆக்க முயன்றால் கட்டுரை கடைசிக் கட்டத்தில் நின்றுவிடும்.

மீன் இறந்ததும் செய்யவேண்டிய வேலைகளின் வரிசை மாறக்கூடாது: படம், திசு, ஃபார்மலின். சளியை மென்தூரிகையால் கழுவி, ஃபோம் பலகையில் மீனை நேராகக் கிடத்தி, துடுப்புகளைப் பூச்சி ஊசியால் விரித்துக் குத்துங்கள். துடுப்பின் அடியில் நீர்க்காத ஃபார்மலினைத் தூரிகையால் தொட்டு வைத்தால் சில நிமிடங்களில் விறைத்து நிற்கும். பிறகு அளவுகோலும் நிற அட்டையும் அருகில் வைத்துப் படமெடுங்கள். மற்ற மீன்களுக்கு இடப்பக்கப் படம் ஒன்று போதும். தட்டைத்தலைக்கு மேலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று, தலையின் அடிப்பக்கம் ஒன்று என மூன்று படங்களாவது வேண்டும். மார்புத்துடுப்பையும் இடுப்புத்துடுப்பையும் முழுதாக விரித்து எடுத்த படம் தனியாக இருக்கட்டும். அவற்றின் புள்ளிகளும் பட்டைகளும் பல சிற்றினங்களைப் பிரிப்பவை.

திசுவை வலப்பக்கத்திலிருந்து, பட்டாணி அளவு தசையாக வெட்டி, 95 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள எத்தனாலில் போடுங்கள். இடப்பக்கம் எண்ணவும் அளக்கவும் படம் வரையவும் உரியது. அதில் கத்தி படக்கூடாது. ஃபார்மலினில் போட்ட பிறகு எடுத்த திசுவிலிருந்து டிஎன்ஏ எடுப்பது மிகக் கடினம் என்பதால் இந்த வரிசையில் சலுகையே கிடையாது.

கடையில் கிடைக்கும் அடர் ஃபார்மலின் ஒரு பங்குக்கு நீர் ஒன்பது பங்கு. அது அமிலமாகாமல் நடுநிலையில் நிற்கத் தாங்கல் உப்பு சேருங்கள். அமிலமான ஃபார்மலினில் எலும்பின் சுண்ணாம்பு கரையும். நுண்ணிய தலைமுட்களின் நுனி மழுங்கும், எக்ஸ்ரேயிலும் எலும்பு மங்கலாகத் தெரியும். கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம், ஃபார்மலின் புற்றுநோய் உண்டாக்கும் பொருள். முதல் நாள் மீனைத் தட்டையான தட்டில் வயிறு கீழாகக் கிடத்துங்கள். ஜாடிக்குள் வளைந்து இறுகிய மீனை எந்தக் கருவியாலும் சரியாக அளக்க முடியாது. சிறு மீனுக்கு ஒரு வாரம் போதும். பிறகு இரண்டு மூன்று நாள் நீர் மாற்றி மாற்றி ஊறவைத்து, 30, 50, 70 சதவீத எத்தனாலுக்குப் படிப்படியாக மாற்றுங்கள். நேரே 70இல் போட்டால் உடல் சுருங்கி, கண் குழிந்து, கண்ணின் அளவு பொய்யாகிவிடும்.

ஜாடிக்குள் போடும் சீட்டில் பென்சிலாலோ எத்தனாலில் கரையாத மையாலோ எழுத வேண்டும்; பால்பாயின்ட் மை கரைந்து போகும். இடம், அட்சரேகை, தீர்க்கரேகை, ஆழம், வலையின் வகை, நாள் எல்லாம் அன்றே எழுதப்பட வேண்டியவை.

எண்ணிக்கை

எண்ணும்போது நிகழும் பிழைகள் இந்தக் குடும்பத்தில் குறிப்பிட்ட சில இடங்களில்தான் திரும்பத் திரும்ப வருகின்றன.

முதல் முதுகுத்துடுப்பின் முதல் முள் மிகக் குட்டையானது, தனித்து நிற்கும், தோலில் புதைந்திருக்கும். அதைத் தவறவிட்டால் 9 என்பது 8 ஆகிவிடும். ஊசிமுனையால் தடவிப் பார்த்து, எக்ஸ்ரேயிலும் உறுதிசெய்து, ‘1 + 8’ என்று பிரித்தே எழுதுங்கள். இரண்டாம் முதுகுத்துடுப்பிலும் குதத்துடுப்பிலும் கடைசிக் கதிர் அடிவரை பிளந்து இரண்டு போலத் தெரியும். ஒரே அடியெலும்பில் இரண்டும் அமர்ந்திருந்தால் ஒன்று என்றுதான் கணக்கு. ஒனிகோசியாவில் இந்த எண்கள் 11ஐ ஒட்டியே நிற்பதால், ஒன்று கூடினாலும் குறைந்தாலும் பார்ப்பவர் புதுச் சிற்றினம் என்று நினைத்துவிடுவார். ஆகவே இந்த இடத்தில் இருமுறை எண்ணுங்கள்.

மார்புத்துடுப்பின் கதிர்களை மொத்தமாக மட்டும் எழுதாதீர்கள். மேலே கிளைவிடாதவை, நடுவே கிளைவிட்டவை, கீழே கிளைவிடாதவை என மூன்றாகப் பிரித்து, ‘2 + 10 + 9 = 21’ என்ற முறையில் எழுதுவது இந்தக் குடும்பத்தில் வழக்கம். குஞ்சுகளில் நடுக்கதிர்கள் இன்னும் கிளைவிட்டிருக்காது. ஆகவே இந்தப் பிரிவு முதிர்ந்த மீன்களில் மட்டுமே நம்பத்தக்கது.

பக்கக்கோட்டில் துளையுள்ள செதில்களை எண்ணும்போது வால் எலும்பின் விளிம்பில் நிறுத்த வேண்டும். வால்துடுப்பின் மேல் இருப்பவை தனிக்கணக்கு. முன்பகுதியில் எத்தனை செதில்களில் முள் இருக்கிறது என்பதையும், ஒவ்வொரு செதிலின் குழாய் வெளியே ஒரு துளையாகத் திறக்கிறதா இரண்டாகவா என்பதையும் பதியுங்கள். பக்கக்கோட்டுக்கு மேலே பின்னோக்கிச் சரியும் செதில் வரிசைகளின் எண்ணிக்கையும் வேண்டும். இழுவலையில் வந்த மீனில் செதில் உதிர்ந்திருந்தால் செதில் இருந்த பையை எண்ணலாம். உடலைத் துடைத்து உலர்த்தி, ரப்பர் குமிழால் காற்றடித்தபடி நுண்ணோக்கியில் பார்த்தால் துளைகள் பளிச்சென்று தெரியும். சயனின் நீலச் சாயத்தை மெல்லத் தொட்டு வைத்தாலும் செதில் விளிம்பும் உணர்குழாய்த் துளைகளும் எடுத்துக்காட்டும்; சாயம் எத்தனாலில் பின்னர் வெளுத்துவிடும்.

தலைமுட்களுக்குத் தனி வரைபடம் ஒன்று போட்டு, மூக்கு, கண் முன், கண் மேல், கண் பின், உச்சி, பிடரி, செவுள்மூடி என ஒவ்வொன்றாக இடம், வலம் இரு பக்கமும் குறியுங்கள். கண்ணுக்குக் கீழே கன்னத்தில் ஓடும் எலும்பு வரம்பில் உள்ள முட்கள் மிக முக்கியம். அவை தனித்தனி முட்களா, ரம்பம் போல நெருங்கியவையா, கண்ணின் நடுவுக்கு முன்னே எத்தனை, பின்னே எத்தனை என்று பிரித்து எழுதுங்கள். இரு பக்கமும் எண்ணிக்கை வேறுபட்டால் இரண்டையும் அப்படியே கொடுங்கள். சராசரி எடுத்தால் அந்தத் தகவல் அழிந்துவிடும்.

கண்மணிக்கு மேல் தொங்கும் மடலை மட்டும் அதிகம் நம்பாதீர்கள். அது ஒற்றையா, இருபிளவா, கிளைத்ததா என்பது நல்ல அடையாளம்தான். ஆனால் சிறிய மீனில் எளிமையாகவும் பெரிய மீனில் கிளைத்தும் இருக்கக்கூடும். ஒரே அளவுள்ள மீன்களை அருகருகே வைத்து ஒப்பிட்டால் மட்டுமே அது சான்றாகும்.

எக்ஸ்ரேயில் முள்ளெலும்புகளை எண்ணுங்கள். இந்தக் குடும்பத்தில் 27 என்பதே எதிர்பார்க்கும் எண். வேறு எண் வந்தால் முதலில் உங்கள் எண்ணிக்கையையும், பிறகு வால்பகுதியில் எலும்புகள் ஒட்டிப்போயிருக்கின்றனவா என்பதையும் பாருங்கள்.

அளவுகள்

டிஜிட்டல் காலிப்பரால் 0.1 மி.மீ. வரை அளக்கலாம். 10 மி.மீ.க்குக் குறைந்தவற்றை நுண்ணோக்கியின் கண்வில்லை அளவுகோலால் அளப்பது மேல். தட்டைத்தலையில் கீழ்த்தாடை மேல்தாடையைத் தாண்டி நீண்டிருக்கும். உடல் நீளத்தையும் தலை நீளத்தையும் எங்கிருந்து தொடங்கினீர்கள் என்பது சொல்லப்படாவிட்டால் உங்கள் எண்கள் யாருக்கும் பயன்படாது. மேல்தாடையின் நுனியில் தொடங்குவது வழக்கம். பழைய கட்டுரைகளில் அது மாறலாம் என்பதால், அவற்றின் விகிதங்களை அப்படியே எடுத்து ஒப்பிடாமல் அந்த மாதிரிகளை நீங்களே மீண்டும் அளப்பதுதான் சரி.

உடல் நீளம், தலை நீளம், மூஞ்சி நீளம், கண்குழி விட்டம், இரு கண்களுக்கு இடையிலான அகலம், மேல்தாடை நீளம், கீழ்த்தாடை நீளம், முதுகுத்துடுப்புகள் இரண்டின் தொடக்கம் வரையான தூரம், ஒவ்வொரு துடுப்பின் நீளம், வால்தண்டின் உயரம் இவை அடிப்படை. கண்ணிடை அகலம் சிறு மீனில் 1 அல்லது 2 மி.மீ. மட்டுமே இருக்கும், அதில் 0.2 மி.மீ. பிழை என்றால் விகிதத்தில் 10 முதல் 20 சதவீதம் மாறிவிடும். இந்த ஓர் அளவை மூன்று முறை, வெவ்வேறு நாளில் எடுங்கள்.

சதவீத அட்டவணை போட்டதும் இரு கூட்டங்கள் பிரிந்து தெரிந்தால் மகிழ்வதற்கு முன், ஒவ்வொரு அளவையும் உடல் நீளத்துக்கு எதிரே புள்ளிகளாக வையுங்கள். சிறிய மீனுக்குக் கண் எப்போதும் விகிதத்தில் பெரியது. 50 மி.மீ. மீன்களை 90 மி.மீ. மீன்களோடு ஒப்பிட்டு ‘பெரிய கண்’ என்று எழுதுவது இத்துறையில் பழைய, திரும்பத் திரும்ப வரும் பிழை. ஒனிகோசியா மேக்ரோலெபிஸ் ஆணாக முதிர்ந்து பிறகு பெண்ணாக மாறும் என்பது 1970இலேயே காட்டப்பட்டது. அதனால் உங்கள் சேகரிப்பில் சிறியவை எல்லாம் ஆணாகவும் பெரியவை எல்லாம் பெண்ணாகவும் இருக்க நல்ல வாய்ப்புண்டு. வலப்பக்க வயிற்றைக் கீறி இனப்பெருக்க உறுப்பைப் பார்த்து, அட்டவணையில் பாலையும் சேருங்கள்.

டைப் மாதிரிகளைப் பார்ப்பது

இதைத் தவிர்க்கவே பலரும் வழி தேடுகிறார்கள். தவிர்க்கக் கூடாத வேலையும் இதுதான். பழைய விளக்கங்கள் பல ஐந்தாறு வரிகள். கண்மடல் பற்றியோ செதில்குழாய் பற்றியோ அவற்றில் ஒரு சொல்லும் இருக்காது. அந்தப் பெயருக்கு உரிய மீன் எப்படி இருந்தது என்பதை ஜாடியில் இருக்கும் டைப் மாதிரி மட்டுமே சொல்லும். லெய்டனின் நேச்சுராலிஸ், லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் ஆகிய இடங்களில் தட்டைத்தலைகளின் டைப்கள் பல உள்ளன. நேரில் போக முடியாவிட்டால் பராமரிப்பாளருக்கு எழுதிப் படங்களும் எக்ஸ்ரேயும் கேளுங்கள். ‘படம் அனுப்புங்கள்’ என்று மட்டும் கேட்டால் பக்கவாட்டுப் படம் ஒன்றுதான் வரும். ‘தலை மேலிருந்து, கன்ன வரம்பு அருகில், கண்மடல் தெரியும்படி, பக்கக்கோட்டின் முதல் பத்துச் செதில்கள்’ என்று தெளிவாகக் கேளுங்கள்.

19ஆம் நூற்றாண்டின் டச்சு மீனியலாளர் பிளீக்கரின் பெயர்களில் கூடுதல் கவனம் வேண்டும். அவர் பெரும்பாலும் ஒற்றை ஹோலோடைப் குறிக்கவில்லை. பிற்காலத்தில் கிடைத்த மீன்களும் அதே ஜாடியில் சேர்ந்தன, சேகரிப்பும் பல இடங்களுக்குப் பிரிந்தது. அவர் கொடுத்த நீளத்தோடு ஒத்துப்போகும் மீன் எது என்று பார்த்துத்தான் டைப்பை ஊகிக்க முடியும். ஜாடியில் இரு சிற்றினங்கள் கலந்திருந்தால், பெயர் எதற்கு உரியது என்பதை லெக்டோடைப் (பழைய டைப் மீன்களில் ஒன்றைப் பிற்காலத்தில் பெயருக்கு உரியதாகத் தேர்ந்தெடுப்பது) குறித்து முதலில் தீர்த்த பிறகே உங்கள் புதுப்பெயருக்கு இடம் உண்டு.

டிஎன்ஏ

சிஓஐ மரபணுவின் ஏறத்தாழ 650 எழுத்து நீளப் பகுதியே மீன்களுக்கான பொதுப் பட்டைக்குறி. அது துணைச்சான்று. பொதுத் தரவுத்தளத்தில் தட்டைத்தலை என்ற பெயரில் உள்ள வரிசைகளில் பெயர் தவறாக ஒட்டியவை இருக்கின்றன. அருங்காட்சியக எண் உள்ள, மீனைத் திரும்ப எடுத்துப் பார்க்க முடிகிற வரிசைகளோடு மட்டும் ஒப்பிடுங்கள். 2 சதவீதம் வேறுபட்டால் புதிது என்ற கோடு எந்த விதியிலும் இல்லை. உடலமைப்பில் இரண்டு மூன்று தனித்தனி வேறுபாடுகளும் மரபணுவில் தனிக் கிளையும் ஒரே மீன்களைத் திரும்பத் திரும்பப் பிரித்துக் காட்டினால் வாதம் உறுதியாக நிற்கும்.

எழுதுவது

ஹோலோடைப் ஒரே ஒரு மீன். முதிர்ந்தது, செதில் உதிராதது, உயிர்நிறப் படமும் திசுவும் உள்ளது எதுவோ அதைத் தேர்ந்தெடுங்கள். இருப்பதிலேயே பெரியதாக இருக்க வேண்டும் என்பதில்லை. விளக்கத்துக்குப் பயன்பட்ட மற்ற மீன்கள் பாராடைப்கள். அவற்றைக் குறைந்தது இரு அருங்காட்சியகங்களுக்குப் பிரித்துக் கொடுத்தால், ஓரிடத்தில் தீயோ வெள்ளமோ வந்தாலும் சிற்றினத்தின் சான்று மிஞ்சும். அடையாளம் ஐயமாக உள்ள மீனைப் பாராடைப் வரிசையில் சேர்க்காதீர்கள். ‘டைப் அல்லாத மாதிரி’ என்று தனியே தரலாம்.

வேறுபடுத்தும் குறிப்பும் முழு விளக்கமும் ஒன்றல்ல. முழு விளக்கத்தில் எல்லாம் வரும். வேறுபடுத்தும் குறிப்பில், இந்த மீனை மற்றவற்றிலிருந்து பிரிக்கத் தேவையானது மட்டும் வரும். ‘கண் பெரியது, செதில் சற்றுக் குறைவு, நிறம் அழகாக வேறுபட்டது’ என்று எழுதினால் ஜாடியோடு உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றும் விளங்காது. அதையே இப்படி எழுதிப் பாருங்கள் (எண்கள் மாதிரிக்காக மட்டும்): ‘பக்கக்கோட்டில் துளையுள்ள செதில்கள் 31–33, அவற்றில் முன்னே உள்ள 5–7இல் முள், கண்ணுக்குக் கீழ் வரம்பில் முட்கள் 4–6, எல்லாம் தனித்தவை, 60 மி.மீ.க்கு மேற்பட்ட மீன்களில் கண்மடல் இருபிளவு. இடுப்புத்துடுப்பின் வெளிவிளிம்பில் கரும்பட்டை, பதப்படுத்திய பின்னும் மங்காதது.’ ஒவ்வொரு கூற்றுக்கும் எண், எல்லை, எந்த அளவு மீனுக்குப் பொருந்தும் என்பது மூன்றும் உள்ளன. இதன்பின் நெருங்கிய சிற்றினம் ஒவ்வொன்றோடும், பெயர் சொல்லி, எதிர் எண்ணைக் கொடுத்து ஒப்பிடுங்கள். எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் அதை மறைக்காமல் அட்டவணையில் காட்டுங்கள். கரும்புள்ளி ஃபார்மலினில் தங்கும், சிவப்பும் மஞ்சளும் போய்விடும். ஆகவே உயிர்நிறத்தையும் பதப்படுத்திய நிறத்தையும் இரு பத்திகளாகப் பிரியுங்கள்.

பெயரிடும் விதிகள் விலங்கியல் பெயரிடல் சட்டத்தின் நான்காம் பதிப்பில் உள்ளன; அது 2000 சனவரி முதல் நடப்பில் இருக்கிறது. புதுச் சிற்றினம் என்ற வெளிப்படையான அறிவிப்பு, வேறுபடுத்தும் சொற்கள், ஹோலோடைப் குறிப்பு, அது எந்த நகரின் எந்தச் சேகரிப்பில் இருக்கிறது அல்லது வைக்கப்படும் என்ற கூற்று ஆகியவற்றில் ஒன்று விட்டுப்போனாலும் பெயர் சட்டப்படி பிறக்காது. இணையத்தில் மட்டும் வெளியாகும் இதழானால், 2012இன் திருத்தப்படி கட்டுரை, விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேடான சூபேங்கில் வெளியீட்டுக்கு முன்பே பதிவாகி, பதிவுக்கான சான்று கட்டுரைக்குள்ளேயே அச்சாகியிருக்க வேண்டும். இதழ் அதைச் செய்துவிடும் என்று இருக்காமல், அச்சுப்படியில் எண்ணை நீங்களே சரிபாருங்கள்.

சிற்றினப் பெயர் பெயரடையானால் பேரினப் பெயரின் இலக்கணப் பாலோடு ஒத்துப்போக வேண்டும். ஒனிகோசியா பெண்பால், அதனால்தான் ஸ்பினோசா, பைமாகுலாட்டா. பிளாட்டிசெபாலஸ் ஆண்பால், அங்கே இண்டிகஸ் என்று முடியும். ஆள் பெயரை வைப்பதானால் ஆணுக்கு ‘இ’, பெண்ணுக்கு ‘ஏ’ என்ற விகுதி. உங்கள் பெயரையே வைக்கச் சட்டத்தில் தடை இல்லை, ஆனால் துறையில் யாரும் அதை மதிப்பதில்லை. ஆய்வரங்கச் சுருக்கத்திலோ முகநூலிலோ பெயரை முன்கூட்டி விட்டுவிடாதீர்கள். பெயர் குழப்பமான நிலையில் உலவத் தொடங்கிவிடும்.

படங்களில் குறையாதிருக்க வேண்டியவை: ஹோலோடைப்பின் மூன்று கோணங்கள், உயிர்நிறப் படம், தலைமுட்களின் கோட்டோவியம், கண்மடலின் அண்மைப் படம், பிடித்த இடங்களின் வரைபடம். கோட்டோவியத்தை ஒளிப்படத்தின் மேல் நகலெடுத்து வரையாமல், நுண்ணோக்கியில் ஒவ்வொரு முள்ளையும் பார்த்து வரைய வேண்டும். வரையும்போதுதான் எண்ணியதில் விட்டுப்போன முள் கண்ணில் படும்.

ஆய்விதழ் ஏற்றுக்கொண்டதும், வெளியாகும் நாளுக்கு முன்பே ஹோலோடைப் அருங்காட்சியகத்தில் சேர்ந்து பதிவெண் பெற்றிருக்க வேண்டும். அந்த எண் கட்டுரை, ஜாடிச் சீட்டு, டிஎன்ஏ தரவுத்தளம் மூன்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஓர் இலக்கம் மாறினாலும் அடுத்து வருபவர் தவறான மீனை எடுத்துப் பார்ப்பார். வெளியானதும் கட்டுரையின் படியை எஷ்மெயர் பட்டியலின் தொகுப்பாளர்களுக்கும், மாதிரியும் படமும் தந்த ஒவ்வொரு அருங்காட்சியகத்துக்கும் அனுப்புங்கள். இரவல் வாங்கிய மீன்களை, நீங்கள் இட்ட புது அடையாளச் சீட்டோடு, பழைய சீட்டு எதையும் எடுக்காமல் திருப்பிக் கொடுங்கள்.